சிநேக ஆட்டமும் செய்முறை நோட்டும்

அச்சில் வந்த கதைகளை மட்டுமே இதுவரை விமர்சனம் செய்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். மைதானத்தில் ஆடுகிற விளையாட்டு அல்ல. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டு. 'ஃபுட்பால் மானேஜர்' என்று பெயர். கம்பத்தில் என் தங்கை வீட்டில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. அவள் மகன் ராத்திரி இரண்டு மணி வரையில் அதன் முன்னால் விழித்துக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், சாப்பிட்டதும் தூங்கப் போனவனை நான்தான் எழுப்பி உட்காரவைத்தேன்.

1982ல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் இதே பெயரில் ஒரு விளையாட்டைச் செய்தார். இப்போது உள்ளது வேறு வமிசம். பால் காலியர், ஆலிவர் காலியர் என்று இரண்டு சகோதரர்கள் 1992ல் 'சாம்பியன்ஷிப் மானேஜர்' என்று வெளியிட்டது அது. பிறகு பதிப்பாளருக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. பழைய பெயர் பதிப்பாளரிடம் தங்கிவிட்டது. எழுதிய சரக்கு எழுதினவர்களோடு வந்துவிட்டது. 2004லிருந்து இந்தப் பெயர். ஒரு வருஷத்துப் பதிப்பு திருப்தியாக அமையவில்லை என்று 2025 பிப்ரவரியில் அதை வெளியிடாமலே நிறுத்திவிட்டார்களாம். தமிழ் நாவல் உலகில் இப்படி ஒரு காரியம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கால்பந்து அணியின் மானேஜர். கடிதம் படிப்பது, ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, கணக்குப் பார்ப்பது, யாரை இறக்குவது யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்வது, இவைதான் வேலை. ஆயிரக்கணக்கான பாத்திரங்கள். ஒவ்வொருவனுக்கும் வேகம், தைரியம், மனவுறுதி என்று ஒன்றிலிருந்து இருபது வரையில் மார்க் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'அவள் அழகி, அடக்கமானவள், ஆனால் பிடிவாதக்காரி' என்று முதல் பக்கத்திலேயே எழுதி முடித்துவிடுகிற நம் தொடர்கதைகளும் மார்க் போடுகிற வேலையைத்தானே செய்கின்றன?

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த விளையாட்டு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. பணம். நம் கதாநாயகன் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ராஜிநாமாக் கடிதத்தை மேஜை மேல் வீசிவிட்டு வெளியே வருகிறான். அடுத்த மாத வாடகையை யார் கொடுத்தார்கள் என்று இருபதாம் அத்தியாயம் வரையில் ஆசிரியருக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த விளையாட்டில் அது நடக்காது. வாரம் பிறந்தால் சம்பளம். கையில் இல்லையென்றால் இல்லைதான்.

என் மருமகன் நடத்துகிற அணி ஆங்கில லீகில் ஆறாவது படியில் கிடக்கிற ஒரு சின்ன ஊர் அணி. எப்போதும் பற்றாக்குறை. அவன் கண்டுபிடித்த வழி சிநேக ஆட்டம். லீக் தொடங்குமுன் உள்ள வாரங்களில் அணிகள் ஒன்றையொன்று அழைத்து ஆடிக்கொள்கின்றன. புள்ளி கிடையாது, கோப்பை கிடையாது. உடம்பு பதப்படுவதற்காக ஆடுவது. ஆனால் உள்ளூர் மைதானத்துக்குப் பெரிய அணி ஒன்றை வரவழைத்தால் கூட்டம் நெரியும். டிக்கெட் வசூல் அழைத்தவனுக்கு. இவன் ஜூலை மாதத்தில் வரிசையாக நாலு பெரிய அணிகளை அழைத்திருந்தான். முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினான். பதிலுக்கு ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் மனநிலையைக் காட்டுகிற பக்கத்தில் எல்லோரும் சோர்ந்து கிடந்தார்கள்.

"இத்தனை பேர் மனசு உடைஞ்சு கிடக்கானே, அடுத்த ஆட்டம் எதுக்குடா?" என்றேன்.

"அது ஒரு வாரத்துல சரியாயிரும் மாமா. வசூலப் பாருங்க. இன்னும் ஆறு வாரச் சம்பளத்துக்குக் கவலை இல்ல."

மூன்றாவது ஆட்டத்தில் அவனுடைய முன்னணி வீரனுக்குத் தொடையில் அடி. லீக் தொடங்கியபோது அவன் இல்லை. முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கோ நல்ல நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிற உணர்ச்சி. சம்பளம் கொடுக்கப் பணம் தேடினான். பணம் வந்த வழியிலேயே நஷ்டமும் வந்தது. யாரும் வில்லன் இல்லை. விதி என்று மேலே கையைக் காட்ட வேண்டியதும் இல்லை. காரணமும் காரியமும் இப்படிக் கண்ணெதிரே கைகோத்து நடப்பதை எத்தனை கதைகளில் பார்க்கிறோம்?

சிநேகத்தைக் காசாக்குகிறார்களே என்று ஒழுக்கம் பேச நான் தயாராக இல்லை. உலகத்தில் நடக்காத காரியமா? 1962லும் 1963லும் தென் அமெரிக்கக் கோப்பையை வென்ற பிரேசில் நாட்டு சாண்டோஸ் அணி, பிற்பாடு சில வருஷங்களில் அந்தக் கோப்பைப் பந்தயத்தையே விட்டுவிட்டு, பீலேயை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சிநேக ஆட்டம் ஆடப் போயிற்று. பணம் அங்கேதான் இருந்தது. பீலே போட்டதாகச் சொல்லும் 1,279 கோல்களில் ஐந்நூறுக்கு மேல் இப்படிப்பட்ட ஆட்டங்களில் வந்தவை. 1977 செப்டம்பர் 24ந் தேதி அவர் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவில் மோகன் பகான் அணியை எதிர்த்து ஆடியதும் சிநேக ஆட்டம்தான். இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. 2011ல் மெஸ்ஸி அதே நகரத்தில் வெனிசுலாவுக்கு எதிராக அர்ஜெண்டினாவுக்காக ஆடினார். ஒரு கோலில் வெற்றி. காசு கொடுத்தவர்கள் ஆட்டமாவது பார்த்தார்கள். 2025 டிசம்பரில் மெஸ்ஸி மறுபடி அங்கே வந்தபோது ஆட்டமே இல்லை. முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற ஏற்பாடு. அந்த முகமும் சரியாகத் தெரியவில்லை என்று ஜனங்கள் நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தார்கள்.

நான் காணும் குறை வேறு. இந்தக் கதையில் கடன் இருக்கிறது, பாங்கிக் கடன். ஆனால் பட்ட கடன் இல்லை. பெரிய அணி வருகிறது, ஏழு கோல் போடுகிறது, போய்விடுகிறது. 'நாங்கள் வந்தோமே, நீங்கள் ஏன் வரவில்லை?' என்று அடுத்த வருஷம் யாரும் கேட்பதில்லை. தேனிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது விசித்திரமாகப் படும். கல்யாணமோ காதுகுத்தோ, வாசலில் ஒருவர் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை. மற்ற ஜில்லாக்களில் மொய் என்பார்கள், இங்கே செய்முறை. முப்பது வருஷத்து நோட்டைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்து, இன்னார் நமக்கு இவ்வளவு செய்திருக்கிறார், நாம் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இதுவும் பணக் கணக்குத்தான். ஆனால் அதில் ஒரு வரியை அடித்தால் ஒரு உறவு போய்விடும்.

இது வெறும் இலக்கியக் குறையாக இருந்தால் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். என் மருமகன் நிஜமாகவே ஒரு கால்பந்து அணிக்குக் காரியதரிசி. திராட்சைத் தோட்டத்து வேலை, ஏலக்காய்க் கடை வேலை என்று இருக்கிற பையன்கள் சாயங்காலம் கூடி ஆடுகிற அணி. மலைக்கு மேலே, குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷம் ஒரு தடவை ஒரு அணி இறங்கி வரும். இவர்கள் ஒரு தடவை ஏறிப் போவார்கள். அவன் அப்பா காலத்திலேயே உள்ள வழக்கம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லை கொந்தளித்து, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்து, பாதை நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததே, அதோடு இந்த ஆட்டமும் நின்றது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் ஏறியது, பந்து ஏறவில்லை. தோட்ட வேலைக்கு ஜீப்பில் தினம் மேலே போய்வருகிற பெண்பிள்ளைகள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆட வேண்டியவர்களுக்குத்தான் யார் முதலில் போவது என்ற கூச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலை ஒட்டி அவர்கள் இறங்கி வந்தார்கள். இரண்டு ஜீப். இங்கே துண்டை விரித்துப் பிடித்ததில் நல்ல வசூல். கோலுக்குப் புது வலை வாங்கினார்கள். வந்தவர்கள் ஒரு வேளைச் சாப்பாடு தவிர ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பதில் ஆட்டம் இன்னும் ஆடப்படவில்லை.

"வெளியூர் போனா வசூல் அவங்களுக்குத்தான மாமா? வண்டி வாடகை நம்ம கைய விட்டுப் போகும்" என்றான் காரியதரிசி. அதைவிட, மலப்புரம் பக்கத்திலிருந்து ஏழு பேர் ஆட்டம் ஆடுகிற ஒரு கோஷ்டியை, ஆப்பிரிக்க வீரர்களோடு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வரவழைத்து, தட்டி கட்டி, டிக்கெட் போடலாம் என்பது அவன் யோசனை.

அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "செய்முறைய வாங்கிப்புட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா எப்பிடி மச்சான்? நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பையன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்லாக ஆடுகிற இரண்டு பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பந்து கிழிந்துவிட்டது. துண்டில் விழுகிற சில்லறையை நம்பி அணி நடத்து என்று சொல்வது சுலபம். சொல்கிறவன் ரயிலேறிப் போய்விடுவான். விளையாட்டு அவனுக்குக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இந்த வட்டாரத்துக் கால்பந்துக்கு அந்தக் கணக்கை இதுவரை ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் அந்த நிரலை எழுதினவர்கள் ஒரு கட்டத்தை வைக்க மறந்துபோனார்கள். அந்த இடம் அவன் கண்ணுக்கும் தெரியாமலே போய்விட்டது. ஒரு நாவல் வாசகனை இப்படித்தான் கெடுக்கும்: பொய் சொல்லிக் கெடுப்பதைவிட, சொல்லாமல் விட்டதனால் கெடுப்பது அதிகம்.

இதை அவனிடம் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லவில்லை. பரணிலிருந்து செய்முறை நோட்டை எடுத்து வரச் சொன்னேன். தங்கை கல்யாணத்து நோட்டு. அதில் குமுளிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது, தொகை இருபத்தைந்து. "இவர் யாரு மாமா?" என்று கேட்டான். அவன் அப்பாதான் சொன்னார்: அந்த நாளில் மேலேயிருந்து வந்த அணியில் கோல் காத்தவர்.

நேற்று அவனிடமிருந்து தகவல் வந்தது. மலையில் ஏலக்காய் பறிப்பு முடிந்ததும் போகலாம் என்று அவர்களோடு பேசியிருக்கிறானாம். பதினைந்து பேருக்கு ஒரு ஜீப் போதாது, இரண்டு வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து ஏற்றம். திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் டிரைவர் கூடுதலாகக் கேட்கிறார். மாமா பாதி கொடுக்க முடியுமா என்று எழுதியிருக்கிறான்.