கிரேசி மோகன்: காதுக்கு எழுதிய நாடகக்காரர்

கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக இருந்த மோகன் ரங்காச்சாரி 1972இல் ‘கிரேட் பேங்க் ராபரி’ என்ற குறுநாடகத்தை எழுதினார். போட்டியில் அதற்குப் பரிசு வழங்கியவர் கமல்ஹாசன். படிப்பு முடிந்து சுந்தரம் கிளேட்டனில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மோகனின் எழுத்து நிற்கவில்லை. எஸ்.வி. சேகருக்காக 1976இல் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தின் முதல் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் அவருடைய நாடகக் குழுவான கிரேசி கிரியேஷன்ஸ் பிறந்தது. அதன் முதல் நாடகமான ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ 1983இல் கே. பாலசந்தரின் இயக்கத்தில் ‘பொய்க்கால் குதிரை’ படமாயிற்று.

மோகனின் நாடகங்களில் நாயகன் மாது, நாயகி ஜானகி. நாடகம் மாறினாலும் பெயர்கள் மாறுவதில்லை. ஜானகி, பள்ளியில் அவரை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர். மாதுவாக நடித்தவர் தம்பி பாலாஜி. மாது ஒரு பொய் சொல்வான். அதை மறைக்க இன்னொன்று. அதற்குள் வாசல் மணி அடிக்கும். நாடகத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான். சதை முழுவதும் சொல்.

ஆறு என்ற சொல் எண்ணாகும், நதியாகும், சூடு தணிவதையும் குறிக்கும். தமிழ் தாராளமாகத் தரும் இந்த வசதியைப் பலரும் துணுக்காகச் செலவழித்தார்கள். மோகனிடம் சிலேடை கதையை நகர்த்தும் வேலையையும் செய்தது. ஒருவர் ஒரு பொருளில் கேட்பார், மற்றவர் வேறு பொருளில் பதில் சொல்வார். அந்தப் பதிலை நம்பி மூன்றாமவர் செயலில் இறங்கிவிடுவார். பிறகு யாராலும் பின்வாங்க முடியாது. வெண்பா எழுதிப் பழகிய காது அவருடையது. எதுகையும் மோனையும் அறிந்த அந்தக் காதுதான் வசனத்தின் அசைகளையும் எண்ணியது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிழும் அந்த வேகம், தானே மேடையில் நின்று சபாவின் சிரிப்பை அளந்தவருக்கே கைவருவது.

நடிகராக அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. மையப் பாத்திரத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தட்டையான குரலில், முகத்தை அசைக்காமல் வசனத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வார். ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் மாதுவுக்குத் துணைவரும் கிருஷ்ணனாக அவர் வந்தபோது, கடவுளுக்கு வீட்டு மனிதரின் சாவதானம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான முறை மேடையேறிய நாடகம் அது.

‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) முதல் ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘அவ்வை சண்முகி’, ‘பஞ்சதந்திரம்’ எனக் கமல்ஹாசனுடன் தொடர்ந்த படங்கள் அவரை ஊரறியச் செய்தன. முதல் படம் பழிவாங்கும் கதை. ஆனால் ஜனகராஜின் காவல் அதிகாரியும் ஆர்.எஸ். சிவாஜியின் கான்ஸ்டபிளும் வரும் காட்சிகளில் அவருடைய மேடை அப்படியே திரைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் காட்சி அவருடைய கலையின் உச்சம். பாலக்காட்டுச் சமையல்காரரின் பதற்றமும் பந்தியின் சாவகாசமும் எதிரெதிரே நிற்க, மறைக்க மறைக்க மீன் பெரிதாகிக்கொண்டே போகிறது.

2019 ஜூன் 10 அன்று மோகன் காலமானார். மாது பாலாஜியின் தலைமையில் குழு அதே நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றியது.