திறக்கும்போது குடிக்கும் மரம்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் மாந்தோப்புகள். பஞ்சவர்ணம், சப்பட்டை என்று பழத்தின் பேரைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தோப்புகளைத் தெரியும். மரத்தின் பேரில் யாரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. காய்ப்பு நின்ற மாமரத்தை வெட்டினால் சென்ட்ரிங் பலகைக்குப் போகும், பெட்டி அடிக்கப் போகும், மிச்சம் விறகு. நிலைக்கதவுக்கு மாமரம் என்று கேட்டால் ஆசாரி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பூச்சி விழும், மழை பட்டால் கறுத்துப்போகும் என்பார்.

அந்தக் கறுப்பைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோப்போரம் நனைந்து கிடந்த மாந்துண்டு ஒன்றைத் தை மாதத்தில் அறுத்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் மரத்தில் மயிரிழைக் கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். மரத்தின் ரேகை நேராகப் போகும். இந்தக் கோடு அதை மதிக்காமல் வளையும், சுழிக்கும், தன்னையே சுற்றிக்கொண்டு ஒரு தீவை உண்டாக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தேன் நிறம், அந்தப் பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு. மரத்துக்குள் இறங்கிய பூஞ்சைகள் தத்தம் பங்கைக் காத்துக்கொள்ள எழுப்பிய எல்லைச் சுவர்கள் இவை. சொல்லப்போனால் கோடுகளே அல்ல, மரத்துக்குள் வளைந்து நிற்கும் மெல்லிய தகடுகள். ரம்பம் போன இடத்தில் தகட்டின் விளிம்பு மட்டும் நமக்குத் தெரிகிறது. அதனால்தான் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் சீவினால் தீவு நகர்ந்துவிடுகிறது, ஆறு திசை மாறிவிடுகிறது.

இத்தனை அழகும் வந்து சேரும்போது மரம் பலம் இழந்திருக்கும். நகத்தை அழுத்தினால் பதியும். கடைசல் எந்திரத்தில் மாட்டினால் உளி பட்ட இடம் பிய்ந்து வரும். அழகு உச்சத்தில் இருக்கிற நேரத்தில் மரம் கைக்கு உதவாது. அதை அந்த நிலையிலேயே நிறுத்திப் பிடிக்கும் வேலைதான் மரத்துக்குள் ரெசின் ஏற்றி இறுக வைப்பது.

மரத்தைக் காக்கும் வழிகள் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கூரைச் சட்டங்களுக்கு முந்திரி எண்ணெய் பூசுவார்கள். தெற்கே அம்பாசமுத்திரத்தில் கடைசல் சொப்பு செய்பவர்கள் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படிந்து பளபளக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தேக்கில் செதுக்கிய அவதாரங்களும் புராணக் காட்சிகளும். அங்கே காவல் தேக்கின் சொந்த எண்ணெய்ப் பசை. அரக்கும் முந்திரி எண்ணெயும் மரத்தின் தோலில் நிற்பவை. ரெசின் எலும்புவரை போக வேண்டும்.

1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் மரத்தகடுகளை ஃபீனால் ரெசினில் ஊறவைத்து அழுத்திச் சூடாக்கி இறுக்கினார்கள். விமானத்தின் விசிறிக்கும் கத்திப் பிடிக்கும் அது பயன்பட்டது. நம் ஊருக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளில், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடி வாங்கிக்கொண்டு நாடா ஓடுகிறது. அப்படி அடி தாங்கும் நாடாவை ரெசின் ஏற்றி இறுக்கிய மரத்தில் செய்வது உலகம் முழுக்க இருந்த வழக்கம். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஊரில் வீட்டுப் பின்கட்டில் ஒருவர் இந்த வேலைக்குச் சாமான் சேர்ப்பது எனக்கு இயல்பாகவே படுகிறது.

சாமான் அதிகமில்லை. வாய் மட்டமான தடித்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. அதன் விளிம்பில் உட்கார ஒரு சிலிகான் வளையம். மூடிக்கு 19 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி. உள்ளே நடப்பதைப் பார்க்காவிட்டால் இந்த வேலையில் பாதிச் சுகம் போய்விடும். ஏசி மெக்கானிக்குகள் தூக்கிக்கொண்டு அலையும் இரண்டு கட்ட வேக்குவம் பம்ப். ஒரு கேஜ், ஒரு வால்வு. பம்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு காலிக் குடுவை, பொங்கி வரும் ரெசின் பம்புக்குள் போய்விடாமல் பிடிக்க. கடைசியாக, சமையலுக்கு இனி ஒருபோதும் திரும்பாத ஒரு ஓடிஜி அடுப்பு.

மூடி தடிமனாக இருக்க வேண்டியதன் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல், உள்ளே காற்றில்லாதபோது, வெளிக்காற்று அழுத்தும் பாரம் சுமார் 500 கிலோ. மெல்லிய டப்பா என்றால் உள்வாங்கி நசுங்கும். கீறல் விழுந்த கண்ணாடியை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். எப்போதும் நம் தலைமேல் இருக்கிற பாரம்தான் இது. ஒரு பக்கம் காற்றை எடுத்துவிட்டால் மறுபக்கத்தில் அது தெரிய வருகிறது, அவ்வளவுதான்.

கேஜைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்பது 760 மில்லிமீட்டர் பாதரசம். 100 மீட்டர் உயரம் ஏறினால் அதில் சுமார் 9 குறையும். மலையடிவாரத்து ஊர்களான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் முள் 745ஐ ஒட்டி நின்றுவிடும். பம்பில் கோளாறு என்று பதற வேண்டாம். அந்தப் பதினைந்து மில்லிமீட்டர் இந்த ஊர் நிற்கும் உயரம். ஓர் எளிய முள்ளில் ஊரின் இருப்பிடம் பதிந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் கருவி மேல் தனி மரியாதை வருகிறது.

மரத்தை முதலில் காயவைக்க வேண்டும். காய்ந்த பலகை என்று நாம் சொல்வதிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் உண்டு. 105 டிகிரியில் ஒரு நாளாவது அடுப்பில் வைத்து, தராசில் எடை இனி இறங்காது என்று தெரிந்த பிறகு எடுத்து, ஆறும்வரை காற்றுப் புகாத பையில் போட வேண்டும். வெளியே விட்டால் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். இதில் அவசரப்பட்டால் பின்னால் கண் ஏமாறும். 30 டிகிரி வெயில் நாளில், அழுத்தம் 32 மில்லிமீட்டருக்கு இறங்கினாலே தண்ணீர் அடுப்பில்லாமல் கொதிக்கும். ஈர மரத்திலிருந்து குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். காற்று வருகிறது என்று நாம் உட்கார்ந்திருப்போம். வருவது நீராவியாக இருக்கும்.

ரெசின் தண்ணீருக்குச் சற்று மேலான திடம்தான். கேக்டஸ் ஜூஸ் என்ற பெயரில் வருவது போன்ற மெத்தாக்ரிலேட் வகை. சூடு பட்டால்தான் இறுகும். இறுக்கும் பொடியைக் கலந்த பிறகு சித்திரை வெயில் படும் அறையில் வைக்கக் கூடாது, குளிர்ச்சி வேண்டும். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். மரத்தை அடியில் போட்டு, மேலே பாரம் வைத்து, அது முழுக முழுக ரெசினை ஊற்ற வேண்டும். பாரம் இல்லாவிட்டால் மிதந்துவிடும்.

பம்பைப் போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம், எண்ணெய்ப் புகை. காற்று குறையக் குறைய சத்தம் தணிந்து, நல்ல வெற்றிடம் வந்ததும் ஏறக்குறைய அமைதியாகிவிடும். கேஜைப் பார்க்காமல் காதால் மட்டுமே சொல்லிவிடலாம். இதற்குள் பாத்திரத்தில் நுரை எழும்பும். பால்கோவாச் சட்டியில் பொங்கி வரும் பாலைக் கரண்டியால் அணைக்கிற மாதிரி, வால்வைத் துளி திறந்து துளி மூடி நுரையை அடக்க வேண்டும். பொங்கல் அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டிய காட்சி. பலகையின் பக்கங்கள் பேசாமல் இருக்கும். குறுக்கே அறுத்த தலைப்பக்கத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகக் குமிழிச் சரம் கிளம்பும். ஒவ்வொரு சரமும் ஒரு குழாய். வேரிலிருந்து இலைவரை தண்ணீர் ஏறிய வழி அது. உயிரோடு நின்றபோது கண்ணுக்குத் தெரியாத பாதைகளை, வெட்டுப்பட்டு எத்தனையோ நாளுக்குப் பிறகு, மரம் தானே வரைந்து காட்டுகிறது. வெள்ளைப் பகுதியில் சரங்கள் நெருக்கமாக இருக்கும். வைரம் பாய்ந்த நடுமரத்தில் குழாய்கள் அடைபட்டுப்போயிருக்கும், அங்கே குமிழி அரிது. ஆசாரி மதிக்கிற வைரத்துக்கு ரெசின் வேண்டாம்; அவர் ஒதுக்குகிற வெள்ளைதான் தாராளமாக இடம் தரும்.

எவ்வளவு இடம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். எந்த மரமானாலும் அதன் செல்சுவர் மட்டும் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு கனம். தேக்குக்கும் முருங்கைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான். உலர்ந்த மாமரத்தின் அடர்த்தி 0.6 என்று வைத்துக்கொண்டால் அதில் பத்தில் ஆறு பங்கு வெறும் காலி. பூஞ்சை தின்ற துண்டில் அதற்கும் மேல். நூறு கிராம் கட்டை நன்றாகக் குடித்தால் இருநூறு கிராம் ஆகும். ஈட்டி மாதிரி எண்ணெய் ஊறிய கனத்த மரங்கள் இவ்வளவு குடிப்பதில்லை, அவற்றுக்கு அது தேவையும் இல்லை.

குமிழி நிற்க மணிக்கணக்காகும். நின்றதும் வேலை முடிந்தது என்று தோன்றும். ரெசின் இன்னும் உள்ளே சரியாகப் போகவே இல்லை. பம்ப் செய்ததெல்லாம் குழாய்களைக் காலி செய்தது மட்டும். வால்வைத் திறக்கிறோம், உஸ் என்று காற்று நுழைகிறது, கேஜ் முள் சரிகிறது, அந்தக் கணத்தில் ரெசினின் மேல்மட்டம் கண்ணெதிரே இறங்குகிறது. மூடியை இவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்த அதே வெளிக்காற்று இப்போது ரெசினை அழுத்தி, மரத்தின் காலிக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. இந்தச் சாமான்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த நுணுக்கம் இதுதான். எந்திரம் எதையும் திணிக்கவில்லை, இடத்தைக் காலி செய்து கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. நிரப்பியது மாந்தோப்பின் மேல் வீசிய காற்று. அது உடனே முடிவதும் இல்லை. குமிழி விட எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது ஊற விட வேண்டும். பாரத்தை எடுத்துப் பாருங்கள், மிதந்த கட்டை இப்போது அடியிலேயே கிடக்கும்.

பிறகு வடித்து, அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் வைப்பது சுலபம்தான். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வைத்து, கட்டையின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மேலே கசிந்து கட்டியான ரெசினைச் சுரண்டிவிட்டால் அடியில் அதே மாமரம், அதே கோடுகள். உளி வைத்தால் சுருள் சுருளாக வருகிறது. கோட்டுக்கு இரு பக்கமும் இருந்த தேன் நிறமும் வெளுப்பும் ஈரம் பட்டபோது தெரிந்த ஆழத்தோடு அப்படியே நின்றுவிடுகின்றன. உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து 2000 எண்வரை போனால் வார்னிஷ் இல்லாமலே பளபளப்பு வரும். சாயம் கலந்த ரெசினில் நீலமும் பச்சையும் ஏற்றுபவர்கள் உண்டு. பூஞ்சை இவ்வளவு பாடுபட்டு வரைந்த படத்தின் மேல் நீலம் எதற்கு என்பது என் கட்சி.

அடுத்து இதில் பார்க்க வேண்டிய மரம் பனை. கன்னங்கரேல் என்ற வைர நார்களும் அவற்றுக்கு நடுவே பஞ்சு மாதிரிச் சோறும் சேர்ந்தது அது. உளி நாரில் முட்டும், சோற்றில் பிய்க்கும். ரெசின் சோற்றில் மட்டும் ஏறி நாரின் கெட்டிக்குப் பக்கத்தில் வரவேண்டும். கட்டையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் நார்கள் கறுப்புக் கோடுகளாக இல்லாமல் நீண்ட துளிகளாகத் தெரியும். கத்திப் பிடிக்கு அந்தச் சாய்வுதான் சரி; ஊறவைப்பதற்கு முன்பே அந்தக் கோணத்தில் அறுத்துவிட்டால் குழாய்களின் வாய் இன்னும் அகலமாகத் திறந்திருக்கும்.