டேனியல் டீஃபோவின் ‘மிகக் குறுகிய வழி’ – ஒரு மதிப்பீடு

‘மாற்றுச்சபையாரை ஒடுக்க மிகக் குறுகிய வழி’ என்பது 1702 டிசம்பரில் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளிவந்த துண்டுப்பிரசுரம். ஏறத்தாழ 30 பக்கங்கள் கொண்டது. பின்னாளில் ‘ராபின்சன் குரூசோ’ நாவலால் உலகப்புகழ் பெற்ற டேனியல் டீஃபோ இதை எழுதினார். எதிர்த்தரப்பின் குரலிலேயே பேசி அத்தரப்பை அம்பலப்படுத்துவது அவர் நோக்கம். ஆனால் இரு தரப்பினரும் அதை உண்மையென்றே நம்பினர். ஆகவே இது தோல்வியடைந்த அங்கதம் என்ற கருத்து விமர்சகர்களிடம் உண்டு. அது முழுமையான மதிப்பீடு அல்ல. குரல்போலியாக இப்பிரசுரம் முழு வெற்றி பெற்றது. அந்த வெற்றிக்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் எதிரிகள் அல்ல, அவர் காக்க விரும்பிய மக்களே. பிரச்சினை அங்குதான் உள்ளது.

பின்னணி

1662-ல் இயற்றப்பட்ட சமய ஒருமைச் சட்டம் ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்காத போதகர்களை வெளியேற்றியது. திருச்சபைக்கு வெளியே நின்ற பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட், குவேக்கர் முதலிய பிரிவினர் மாற்றுச்சபையார் எனப்பட்டனர். 1673-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதவி வகிப்பவர் திருச்சபையில் நற்கருணை பெற்றாக வேண்டும். 1689-ல் வந்த சகிப்புச் சட்டம் தனி வழிபாட்டை அனுமதித்தது, பதவித்தடையை நீக்கவில்லை.

பலர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆண்டுக்கு ஒருமுறை திருச்சபைக்குச் சென்று நற்கருணை பெற்றுப் பதவியைத் தக்கவைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் தங்கள் சபைக்கே சென்றனர். லண்டன் மேயர் சர் ஹம்ஃப்ரி எட்வின் 1697-ல் இரு இடத்துக்கும் சென்றது பெரிய விவாதமானது. மாற்றுச்சபைக் குடும்பத்தில் பிறந்த டீஃபோ 1698-ல் இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். மனசாட்சியின்படி திருச்சபையை விட்டவர் பதவிக்காக அங்கே மண்டியிடலாகாது என்பது அவர் வாதம். தன் சமூகத்தின் செல்வந்தர்களுக்கு அவர் அப்போதே வேண்டாதவராகிவிட்டார்.

1702 மார்ச்சில் அரசி ஆன் பதவியேற்றதும் திருச்சபையின் கடும்போக்காளர்கள் ஊக்கம் பெற்றனர். மாற்றுச்சபையாருக்கு எதிராகப் போர்க்கொடி ஏற்றுமாறு ஹென்றி சச்செவெரெல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரசங்கம் செய்தார். சார்ல்ஸ் லெஸ்லி பிரசுரங்கள் எழுதினார். இந்த இரட்டை வழிபாட்டைத் தடைசெய்யும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அச்சு உரிமச் சட்டம் 1695-லேயே காலாவதியாகியிருந்ததால் முன்தணிக்கை இல்லை. காலையில் அச்சானது மாலையில் காப்பிக்கடைகளில் வாசிக்கப்பட்டது. பெரும்பாலான பிரசுரங்களில் ஆசிரியர் பெயர் இருக்காது. எழுதியவர் எந்தக் கட்சி என்பதை வாசகர் அதன் குரலைக் கொண்டே ஊகித்தனர்.

உள்ளடக்கமும் உத்தியும்

பிரசுரம் ஒரு நீதிக்கதையுடன் தொடங்குகிறது. குதிரைக் கொட்டிலில் தரையில் நிற்க நேர்ந்த சேவல், ஒருவரை ஒருவர் மிதிக்காமல் அசையாமல் நிற்போம் என்று குதிரைகளுக்கு அறிவுரை சொல்கிறது. மாற்றுச்சபையார் இப்போது சமாதானம் பேசுவதும் அப்படித்தான் என்கிறார் பேசுபவர். அதிகாரம் உங்கள் கையில் இருந்தபோது எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று பழைய கணக்கைத் திறக்கிறார். பிறகு கருணையின் பெயரால் கொடுமையை நியாயப்படுத்துகிறார். பாம்பைக் கொல்வது பாம்புக்குச் செய்யும் தீமை அல்ல, அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் நன்மை. இப்போது தயங்கினால் நம் பிள்ளைகள் துன்பப்படுவார்கள் என்கிறார். கடைசியில் வழியையும் சொல்கிறார். அபராதம் போதாது, ரகசியக் கூட்டத்துக்குச் செல்பவரை நாடுகடத்த வேண்டும், போதகரைத் தூக்கிலிட வேண்டும்.

இந்த நான்கு படிகளும் இப்பிரசுரத்தின் உண்மையான சாதனை. வெறுப்பு ஒருபோதும் வெறுப்பாகத் தொடங்குவதில்லை. அது முறையீடாகத் தொடங்கி, வரலாறாக வளர்ந்து, வருங்காலத் தலைமுறை மீதான அக்கறையாக மாறி, நிர்வாக யோசனையாக முடிகிறது. டீஃபோ இதை ஓர் இடத்திலும் மிகைப்படுத்தவில்லை. வாசகருக்குக் கண்சிமிட்டும் ஒரு வரிகூட இல்லை. இயான் வாட் போன்ற விமர்சகர்கள் இதை அங்கதம் என்பதைவிட ஆள்மாறிப் பேசுதல் என்று கருதியது இதனால்தான்.

ஜொனாதன் ஸ்விஃப்டின் ‘ஓர் எளிய யோசனை’ (1729) என்னும் பிரசுரத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்கிறது ஸ்விஃப்டின் பாத்திரம். அப்படி எந்தக் கட்சியும் சொன்னதில்லை. ஆகவே வாசகர் திடுக்கிட்டு நின்று, பேசுபவரை விட்டு விலகி, எழுதியவரைத் தேடுகிறார். டீஃபோவின் பாத்திரம் சொல்வது நடக்கக்கூடியது. பிரான்சில் பதினான்காம் லூயி 1685-ல் புராட்டஸ்டன்டுகளின் உரிமைகளை ரத்துசெய்து அதைச் செய்து காட்டியிருந்தார். அங்கிருந்து தப்பிய ஹியூகனாட் அகதிகள் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெசவு செய்துகொண்டிருந்தனர். பிரசுரமே அந்த பிரெஞ்சு உதாரணத்தைப் பாராட்டுகிறது. அச்சத்தில் இருந்த மாற்றுச்சபை வாசகருக்கு இது எப்படி நகைச்சுவையாகத் தெரியும்? அவருக்கு அது எச்சரிக்கைச் செய்தி.

தமிழ் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்ற ஒன்றைச் சொல்கிறது. புகழ்வதுபோல் பழிக்கும் அந்த அணிக்குச் சொல்பவர் யார், கேட்பவர் யார், சூழல் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். பெயரில்லாப் பிரசுரத்தில் இவற்றில் முதலாவது கிடையாது. தன் உத்திக்குத் தேவையான ஆதாரத்தை டீஃபோ தானே அகற்றிவிட்டார்.

விளைவு

கடும்போக்காளர் சிலர் பிரசுரத்தைக் கொண்டாடினர். எழுதியவர் யார் எனத் தெரிந்ததும் அந்தக் கொண்டாட்டம் அவமானமாயிற்று. வாதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆசிரியர் பெயர் மட்டுமே மாறியது. வாதங்கள் கட்சியைக் கொண்டே எடைபோடப்பட்டன என்பதை இப்பிரசுரம் தான் திட்டமிட்டதைவிட ஆழமாக நிரூபித்தது.

1703 ஜனவரியில் அரசுச் செயலர் நாட்டிங்ஹாம் பிரபு கைதாணை பிறப்பித்தார். கொக்கி மூக்கு, கூரிய முகவாய், வாயருகே பெரிய மச்சம் என அடையாளங்களைச் சொல்லி, பிடித்துத் தருபவருக்கு 50 பவுண்டு பரிசு என ‘லண்டன் கெஜட்’ அறிவித்தது. பிப்ரவரியில் மக்களவை ஆணைப்படி பிரசுரம் எரிக்கப்பட்டது. மே மாதம் டீஃபோ பிடிபட்டார். 200 மார்க் அபராதம், அரசியின் விருப்பம் வரை சிறை, மூன்று நாள் தண்டனைக்கட்டையில் நிறுத்துதல் என்று தீர்ப்பானது. ஜூலை இறுதியில் கார்ன்ஹில், சீப்சைடு, டெம்பிள் பார் ஆகிய இடங்களில் தலையும் கைகளும் கட்டையில் பூட்டப்பட்டு நின்றார். கல்லெறிவதற்குப் பதில் மக்கள் பூக்களை எறிந்தனர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. டில்பரியில் அவர் நடத்திய செங்கல், ஓட்டுத் தொழிற்சாலை நொடித்தது. மாற்றுச்சபைத் தலைவர்கள் அவரைக் கைவிட்டனர்.

பிரசுரத்தின் பொருளை விளக்கி டீஃபோ ஒரு தனி விளக்கப் பிரசுரம் எழுத வேண்டியிருந்தது. நவம்பரில் ராபர்ட் ஹார்லி அவரை விடுவித்தார். அதற்குப் பின் டீஃபோவின் பேனா ஹார்லிக்குக் கடன்பட்டது. 1704 முதல் 1713 வரை ‘ரிவ்யூ’ இதழை நடத்தினார். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து இணைப்புக்காக எடின்பரோவில் ரகசியமாக வேலை செய்தார். 1713-ல் ஹானோவர் வாரிசுரிமையை எதிர்ப்பதுபோல் எள்ளலாகப் பிரசுரங்கள் எழுதி, அவையும் நேர்ப்பொருளில் கொள்ளப்பட்டு மீண்டும் கைதானார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே உத்தி, அதே விளைவு. அவ்வாண்டு நவம்பரில் அரசியின் மன்னிப்பு அவரைக் காத்தது.

வாணிபப் பிரசுரங்களில் அதே முகமூடி

சமயத்திலிருந்து வாணிபத்துக்கு வரும்போது முகமூடியின் இடத்தைச் சுங்கக் கணக்குகள் பிடித்தன. பிரான்சுடனான வணிக உடன்படிக்கையை ஆதரித்து 1713-ல் வந்த ‘மெர்க்கேட்டர்’ டீஃபோவின் பேனாவில் பிறந்தது. அதை எதிர்த்த ‘பிரிட்டிஷ் மெர்ச்சன்ட்’ இதழின் முக்கிய எழுத்தாளர் ஹென்றி மார்ட்டின். மலிவான இந்தியப் பொருள்களின் இறக்குமதியை ஆதரித்து 1701-ல் பெயரின்றி வந்த புகழ்பெற்ற நூல் அவருடையது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவரே பின்னர் இறக்குமதிக்கு எதிரான அணியில் நின்றார். ஆகவே குரல் மாறுவதை டீஃபோவின் தனிப்பட்ட குணக்கேடாக மட்டும் பார்ப்பது தவறு. பெயரில்லா அச்சு அதை எல்லாருக்கும் எளிதாக்கியது.

1719-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் கேலிகோ என்ற இந்தியப் பருத்தித்துணிக்கு எதிராகக் கலகம் செய்தனர். தெருவில் பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். டீஃபோ நெசவாளர் தரப்பில் எழுதினார். பட்டினி கிடக்கும் லண்டன் நெசவாளியின் குரல் அவருக்கு இயல்பாக வந்தது. அத்துணிகளில் ஒரு பகுதி சோழமண்டலக் கரையில் நெய்து சென்னை வழியாகச் சென்றது. அங்கிருந்த நெசவாளி இவ்விவாதத்தில் குறைந்த கூலி என்ற கணக்காக மட்டுமே வருகிறார். எவர் குரலிலும் பேச முடிந்த எழுத்தாளரிடம் அந்தக் குரல் மட்டும் இல்லை. அச்சிட்ட கேலிகோவைத் தடைசெய்யும் சட்டம் 1721-ல் நிறைவேறியது.

மதிப்பீடு

‘ராபின்சன் குரூசோ’ அதே 1719-ல் குரூசோவே எழுதியதாக அட்டையில் போட்டுக்கொண்டு வந்தது. 1722-ல் ‘மோல் ஃபிளாண்டர்ஸ்’ வந்தது. தன்னை முழுக்க மறைத்து இன்னொருவராகப் பேசும் திறனுக்கு ஏற்ற வடிவம் நாவலே. நாவலில் வாசகர் நம்பிவிட்டால் எவருக்கும் இழப்பில்லை. பிரசுரத்தில் நம்பிவிட்டால் ஒரு சமூகம் உறக்கம் இழக்கிறது. டீஃபோவின் கலைத்திறனில் குறையில்லை. எந்த வடிவத்தில், எவர் அஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்தினார் என்பதே குறை.

இப்பிரசுரம் சட்டத்தை நிறுத்தியதாகவும் சொல்ல முடியாது. மசோதா மூன்று முறை பிரபுக்கள் சபையில் தடைபட்டது. 1711-ல் அதை நிறைவேறச் செய்தவர், டீஃபோவைத் தேடிப்பிடிக்க ஆணையிட்ட அதே நாட்டிங்ஹாம் பிரபு. அதற்கு வாக்களித்தவர்கள், மாற்றுச்சபையாரின் நண்பர்கள் எனப்பட்ட விக் கட்சியினர். 1719-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பதவித்தடைக்கான பழைய நற்கருணை விதி 1828 வரை நீடித்தது. அச்சட்டங்கள் மறக்கப்பட்டபின்னும் இப்பிரசுரம் வாசிக்கப்படுகிறது. ஒரு பெரும்பான்மை தன் கொடுமையை எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நியாயமாகப் பேச முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவு அக்காலத்து உண்மையான பிரசங்கங்களிலும் அரிது.