என் உடம்புக்கு ஒரு ஸ்விங்

கோல்ஃப் ஆடுகிறவர் யாரைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது, "உங்க இடுப்பை அளந்து பார்த்தாச்சா?" என்றுதான். ஸ்கோரெல்லாம் அப்புறம். பிசியோதெரபிஸ்ட்டின் கட்டிலில் குப்புறப் படுத்தால் ஸ்விங்கின் ரகசியம் வெளியே வரும் என்பதை ஊரெல்லாம் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

பந்தை அடிக்கும் கணத்தில் என் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். குனிந்த முதுகு நிமிர்ந்துவிடும். 'எர்லி எக்ஸ்டென்ஷன்' என்பார்கள் பயிற்சியாளர்கள். பந்து வலப்பக்கம் ஓடும். ஆட்டம் முடிந்து காரில் ஏறினால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். "இடுப்பைத் திருப்புங்க மேடம்" என்று ரேஞ்சில் கேட்காத நாளில்லை. எப்படித் திருப்புவது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பதில் சொன்னவர் டிபிஐ சான்றிதழ் பெற்ற ஒரு இளம் பிசியோ. டைட்டிலிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்பதன் சுருக்கம் அது. கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடில் இருக்கிறது. கிரெக் ரோஸ், டேவ் ஃபிலிப்ஸ் இருவரும் 2003-ல் தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவான ஒரே ஸ்விங் கிடையாது, அவரவர் உடம்பால் எது முடியுமோ அதற்குள்தான் சிறந்த ஸ்விங் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. எனக்கு உடனே ஜிம் ஃப்யூரிக் நினைவுக்கு வந்தார். கிளப்பை மேலே கொண்டுபோய் ஒரு சுழற்று சுழற்றி இறக்குவாரே, எந்தப் பாடப்புத்தகத்திலும் சேராத அந்த ஸ்விங்கை வைத்துக்கொண்டுதான் 2003-ல் யூ.எஸ். ஓப்பன் வென்றார், 2016-ல் ஒரே சுற்றில் 58 அடித்தார்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் குந்தச் சொன்னார் பிசியோ. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். தோளுக்குக் குறுக்கே கம்பை வைத்து, உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் 45 டிகிரி திரும்பச் சொன்னார். எல்லாம் தேறியது. பிறகு குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். தொடை மூட்டு உட்புறமாக எவ்வளவு சுழல்கிறது என்று காட்டும் சோதனை இது. கோணமானியில் வலது 28 டிகிரி, இடது 18. அளவெடுத்த கையோடு கேட்டார்: "மேடம், நீங்க பரதநாட்டியம் ஆடினவங்களா?"

சிலிர்த்துவிட்டது எனக்கு! பள்ளிக்கூட நாள் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை ஆடியவள் நான். அரைமண்டியில் தொடை மூட்டு வெளிப்புறமாகத் திரும்பியே நிற்கும். வருடக்கணக்கில் அப்படி நின்ற உடம்புக்கு வெளிச்சுழற்சி தாராளம். உட்சுழற்சி பெரும்பாலும் குறுகிப்போகும். வலக்கை ஆட்டக்காரருக்கோ அடியின் முடிவில் உடம்பு மொத்தமும் இடது தொடை மூட்டின் மேல்தான் சுழன்றாக வேண்டும். அங்கே இடமில்லை என்றால் இடுப்பு முன்னால் தள்ளும், சுமை கீழ்முதுகில் விழும். சுழல்வது கீழ்முதுகு எலும்புகளின் வேலையே இல்லை. நடனம் என் உடம்பில் எழுதிவைத்ததை ஒரு பெண் கோணமானியை வைத்துப் படித்துவிட்டாள்!

வைத்தியம் எவ்வளவு எளிது தெரியுமா? நிற்கும்போதே இடது பாதத்தை வெளிப்பக்கமாக நன்றாகத் திருப்பி வைத்துக்கொள்வது. அதிலேயே மூட்டுக்குச் சுழல இடம் கிடைத்துவிடுகிறது. கூடவே தினமும் தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பக்கம் மாற்றும் பயிற்சி, நடுமுதுகைத் திருப்பும் பயிற்சி, பிட்டத் தசைக்குப் பலம். பாதத்தைத் திருப்பிவைத்து அடித்த முதல் பந்திலேயே இடுப்பு பின்னால் தங்கிச் சுழன்றதை நான் உணர்ந்தேன். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது.

கிளப்பைத் தொடுவது இதற்குப் பிறகுதான். இந்த வரிசை மிக முக்கியம். உடம்பு தடுமாறி அடிக்கும் ஸ்விங்குக்கு அளவெடுத்தால், தடுமாற்றத்துக்குத்தான் கிளப் அமையும். என்னுடையது அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த 'லேடீஸ்' செட். நானோ 5 அடி 8 அங்குலம். அடுத்தவர் அளவில் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறேன். கிளப்பை ஆளுக்கேற்ப அமைத்துத் தரும் ஃபிட்டர் என் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். பிறகு லை போர்டு என்ற பலகையின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். கிளப்பின் அடியில் ஒட்டிய டேப்பில் தடம் முனைப்பக்கமே விழுந்தது. கிளப்பின் தண்டு தரையோடு நிற்கும் கோணம் எனக்குச் சாய்வு அதிகம், முனை தரையில் இடிக்கிறது, கிளப்பின் முகம் வலப்புறம் திறந்துகொள்கிறது என்று அர்த்தம். பந்து வலப்பக்கம் ஓடியதில் பாதி மர்மம் அங்கேயே உடைந்தது!

இந்தக் கோணத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம் என்பதைப் பரவலாக்கியவர்களில் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் முக்கியமானவர். அந்த நிறுவனத்து அயர்ன்களில் இருக்கும் வண்ணப் புள்ளி இதைத்தான் சொல்கிறது: கறுப்பு இயல்பு, நீலம், பச்சை என்றால் நிமிர்ந்தது, சிவப்பு சாய்ந்தது. என் அயர்ன்களின் தலைகளை 2 டிகிரி நிமிர்த்தி, அரை அங்குலம் நீளமான, கொஞ்சம் விறைப்பான கிராஃபைட் ஷாஃப்ட் மாட்டினார்கள்; பிடியும் தடிமனாயிற்று. அண்ணன் தந்த தலைகள் அப்படியே இருக்கின்றன, புது செட் வாங்கவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

95 கெஜம் பறந்த என் செவன் அயர்ன் இப்போது 115 பறக்கிறது. பந்தின் வேகத்தைக் கிளப் தலையின் வேகத்தால் வகுத்துவரும் ஸ்மாஷ் ஃபேக்டர் 1.22-லிருந்து 1.31-க்கு ஏறியிருக்கிறது, செவன் அயர்னில் தொழில்முறை வீரர்களே 1.33 பக்கம்தான் நிற்கிறார்கள். வேகத்தைக் கூட்ட நான் எதுவுமே செய்யவில்லை. பந்து முகத்தின் நடுவில் படுகிறது, அவ்வளவுதான். "செவன் அயர்னா மேடம் அடிச்சீங்க?" என்று கேடி கேட்டபோது பையை நீட்டி எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பதினெட்டுக் குழியும் ஆடிவிட்டு முதுகில் கை வைக்காமல் காரில் ஏறுகிறேன்.

டிரைவர் இன்னும் மிச்சம் இருக்கிறது. இடது மூட்டு 25 டிகிரியைத் தொட்டதும் வாருங்கள், அப்போது ஸ்விங் இன்னும் மாறியிருக்கும், அதற்கு அளவெடுக்கலாம் என்றிருக்கிறார் ஃபிட்டர். போனமுறை கோணமானி 22 காட்டியது.