கங்காவை யாரும் கேட்கவில்லை

1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' 2024 ஓகஸ்டில் 4கே வடிவில் மறுபடி திரைக்கு வந்தது. அந்தப் பேச்சு ஓய்வதற்குள், குரோய்டனில் ஒரு மலையாளத் தோழியின் வீட்டில் அதை மீண்டும் பார்த்தேன். நம்மில் பலருக்கு இந்தக் கதை 'சந்திரமுகி' (2005) வழியாகத்தான் பழக்கம். அங்கே நினைவில் தங்குவது ரஜினிகாந்தின் வேட்டையன். மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய மூலப்படத்திலோ முழுப் பாரத்தையும் சுமப்பவர் ஷோபனா. தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை.

கங்கா நகை வாங்க வெளியே புறப்படுகிறாள். கணவன் நகுலன் போக வேண்டாம் என்கிறான். முதலில் கெஞ்சல், பிறகு கோபம், திடீரென்று தமிழ். தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லியாகிக் கட்டிலைத் தூக்குகிறாள். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழ்க்குரல் துர்காவினுடையது என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. ஆனால் குரல் மாறுவதற்கு முன்பே ஷோபனாவின் கண்கள் மாறிவிடுகின்றன.

கல்கத்தாவில் வேலை பார்த்த பெற்றோர் கங்காவைப் பாட்டியிடம் விட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள், பரீட்சை நேரத்தில், வந்து அழைத்துப் போக நின்றார்கள். அன்று 'வா' என்றவர்களும் இன்று 'போகாதே' என்பவனும் அவளைக் கேட்கவில்லை. ஷோபனா அந்தக் காட்சியில் காட்டுவது பேயை அல்ல. பிடுங்கி நடப்பட்ட அந்தப் பிள்ளையை.

படத்தின் குறையும் இதே இடத்தில்தான். அவளுடைய பால்யத்தை மற்றவர்களுக்குச் சொல்பவர் மருத்துவர் சன்னி. தாந்திரீகச் சடங்கு நடக்கிறது, பொம்மை வெட்டப்படுகிறது, நாகவல்லி போய்விடுகிறாள். பாட்டியை விட்டுவந்த பிள்ளையோடு மட்டும் கடைசிவரை ஒருவரும் பேசவில்லை.

ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் கையிலிருந்து பிரித்து இங்கே கொண்டுவரப்பட்டவள் நான். "அம்மா அப்பாவிட்டத்தானே வந்தனி, பிறகென்ன அழுகை?" என்றார்கள். நல்ல கேள்விதான், பதிலுக்காகக் கேட்டிருந்தால். என் கோபம் இன்றைக்கும் தமிழில்தான் வருகிறது. என் பிள்ளைகள் அப்போது அறையை விட்டு மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள்.

அவர்களோடு இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கட்டிலைத் தூக்கும் இடத்தில் நிறுத்தி, என் கதையை நானே சொல்ல வேண்டும்.