நகர ஓவியத்தில் ஒளி: பிசாரோவும் மனோகர் தேவதாசும்

இம்பிரெஷனிசம் எனப்படும் உணர்வுப்பதிவுவாதத்தின் முன்னோடிகளுள் ஒருவர் கமில் பிசாரோ (1830–1903). நாள்பட்ட கண்நோயால் வெளியில் நின்று தீட்டுவது அவருக்குக் கடினமானது. 1897-இல் பாரிசில் ஒரு விடுதிச் சன்னலிலிருந்து மொன்மார்த்ர் பெருஞ்சாலையை 14 ஓவியங்களாகத் தீட்டினார். சாலை ஒன்றே, மேகமூட்டம், மழை, வெயில், இரவு விளக்கு ஆகியவையே மாறுகின்றன. கட்டடங்களின் நுணுக்கம் காற்றில் கரைந்து, அந்த வேளையின் ஒளியே ஓவியத்தின் பொருளாகிறது.

மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022) இதற்கு எதிர்த்திசையில் சென்றவர். விழித்திரை நோயால் அவரது பார்வைப் புலம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆயினும் கறுப்பு மையால் அவர் வரைந்த மதுரைக் காட்சிகளில் கோபுரத்தின் நுண்வேலைப்பாடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கு வெயில் என்பது மை படாமல் விடப்பட்ட தாள். நிழல் என்பது நெருக்கமாக இடப்பட்ட கோடுகள்.

பிசாரோவிடம் முதலில் தெரிவது வேளை. தேவதாசிடம் முதலில் தெரிவது இடம். மங்கும் பார்வையோடு வரைந்தவர், நழுவும் கணத்தை விட்டு நிலைத்த கல்லைப் பற்றிக்கொண்டதைக் குறை எனச் சொல்வதற்கில்லை. கரைந்த விளிம்புகள் மட்டுமே ஒளியைக் காட்டும் என்ற எண்ணத்தை அவரது கோடுகள் மறுக்கின்றன.

தேவகோட்டை வீதிகளை வரைய முனையும் மாணவர் இருவரையும் பயிலலாம். உச்சிவெயிலில் சுண்ணாம்புச் சுவரைக் காட்ட வெற்றுத்தாள் போதும். மழை ஓய்ந்த மாலையில் அதே சுவருக்குப் பிசாரோவின் வண்ணங்கள் வேண்டும்.