சதுர அடி சொல்லாத சூடு

வடசென்னை ராயபுரத்தில் ஏசி வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "ரூம் எத்தனை சதுர அடி?" நூறு, நூற்றிருபது என்றால் ஒரு டன், நூற்றைம்பதைத் தாண்டினால் ஒன்றரை. வீட்டைப் பார்க்காமலே கணக்கு முடிந்துவிடும்.

இந்த வாய்க்கணக்கை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. அடுக்குமாடியின் நடுமாடியில், அளவான ஜன்னல் உள்ள அறைக்கு அது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

பிசகுவது மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 120 சதுர அடி அறைக்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட் மட்டும் இருந்து, மே மாத வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரிக்குக் காய்ந்தால், உள்ளே 24 டிகிரி வைக்கக் கூரை வழியாக இறங்கும் வெப்பமே ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் 400 வாட். மேற்குச் சுவர் வேறு இருக்கிறது. கீழ்வீட்டுக்காரருக்கும் அதே சதுர அடிதான். ஆனால் அவருக்கு அந்தக் கூரைச் சூடு இல்லை. தளம் வாங்கிய சூடோ வெயில் தாழ்ந்த பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும்.

"எதற்கும் ஒரு சைஸ் பெரிசாகப் போடுங்கள்" என்பார்கள். காசிமேட்டுக் கடற்காற்றில் அதுவும் இடிக்கிறது. பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிரவைத்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும்; ஈரத்தை வடிக்க நேரம் போதாது. குளிரோடு பிசுபிசுப்பும் தங்கும். இன்வெர்ட்டர் ஏசியில் இது தணியும், தீராது. சிறிதாகப் போட்டால் ஓயாமல் ஓடும். இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் கட்டணமும் ஏறும்.

எண்ணூர்ப் பக்கம் இன்னொன்று: உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டை அரிக்கும், சாம்பல் தூசி அடைக்கும். பெட்டியில் எழுதிய டன் நாளடைவில் கிடைக்காது.

மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட இகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழி இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது: ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். அதற்குள் வந்தால் நம் அறையின் ஒன்றரை கிலோவாட் அரை கிலோவாட்டுக்குச் சுருங்கும். ஆனால் அது புதுக் கட்டடங்களுக்கான விதி. திருவொற்றியூரின் பழைய தளங்களையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளையும் தொடாது. அங்கே கடைக்காரர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "மேலே வீடா, மொட்டை மாடியா?" மொட்டை மாடி என்றால் அரை டன் கூட்டுவதற்கு முன், தளத்தில் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதிக்கச் சொல்லலாம்.